பூனைச் சட்டம் வரும்போது வளர்ப்பவர் எங்கே நிற்பது?

கேள்வி மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்தது. தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியின் வரிசை வீட்டில் பதிவுச் சான்றுள்ள பெர்சியன் பூனைகளை வைத்து இனவிருத்தி செய்யும் ஒரு தம்பி கேட்கிறார்: "வீட்டுக்கு இத்தனை பூனைதான் என்று நகராண்மைக் கழகம் கட்டுப்பாடு கொண்டுவரப் போவதாகப் புலனத்தில் செய்தி சுற்றுகிறது. விலங்கு ஆர்வலர்கள் இனவிருத்தியையே நிறுத்தச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் பூனைச் சங்கங்கள் இப்படிப்பட்ட சட்டங்களை எதிர்த்து நின்று ஜெயிக்கின்றனவாமே, அது எப்படி? தோட்டப்புறத்துப் பட்டணத்தில் இருந்துகொண்டு நம்மால் அதைச் செய்ய முடியுமா?"

முடியும் தம்பி. ஆனால் எதிர்ப்பிலிருந்து தொடங்காதீர்கள். பல நாட்டு வளர்ப்பாளர்கள் சட்டத்தோடு மல்லுக்கட்டிய கதையைக் கவனித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: பூனைக்காகப் பேசியவர்களின் பேச்சு எடுபட்டிருக்கிறது. குட்டி விற்கும் உரிமைக்காக மட்டும் பேசியவர்களை யாரும் உட்காரவைத்துக் கேட்கவில்லை.

முதலில் அந்தப் புலனச் செய்தி. நகராண்மைக் கழகம் நினைத்த மாத்திரத்தில் சட்டம் போட்டுவிட முடியாது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி கழகம் துணைச் சட்டங்களை, அதாவது உண்டாங்-உண்டாங் கெச்சிலை, இயற்றலாம். மாநில அரசு அதை உறுதிப்படுத்தி, அரசாங்கக் கெஜட்டில் வெளிவந்த பிறகுதான் அது செல்லும். ஆகவே அடுத்த முறை யாராவது செய்தி அனுப்பினால், "வரைவு எங்கே?" என்று கேளுங்கள். வரைவு இருந்தால் படித்துவிட்டுப் பேசலாம். இல்லையென்றால் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் உங்கள் வட்டாரத்துக்குரிய உறுப்பினரைப் போய்ப் பாருங்கள். நம் நாட்டில் 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டதிலிருந்து இந்த உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறவர்கள். ஓட்டைக் காட்டி அவர்களை அசைக்க முடியாது. ஆனால் ஊரில் யார் வீட்டில் என்ன பிரச்சினை என்பது அவர்களுக்குத்தான் தெரியும், புகார்களும் அவர்கள் மேசைக்குத்தான் வரும். கழகத்தின் முழுக்கூட்டத்தைப் பொதுமக்கள் போய் உட்கார்ந்து கேட்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. நம்மவர்களில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? ஒரு முறை போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். எந்தப் புகாருக்கு அவர்கள் சட்டம் தேடுகிறார்கள் என்பது புரிந்துவிடும்.

இனி, ஏற்கெனவே நம் தலைமேல் இருக்கும் சட்டம். 1953-ஆம் ஆண்டு விலங்குச் சட்டத்தின்படி விலங்கைக் கொடுமைப்படுத்தினால் அதிகபட்ச அபராதம் 200 வெள்ளி, அல்லது 6 மாதச் சிறை என்றுதான் முதலில் இருந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தத் தொகை மாறவில்லை. 2011 நோன்புப் பெருநாள் விடுமுறையின்போது சிலாங்கூரில் செல்லப்பிராணிகளுக்கான ஒரு தங்கும் மையத்தில் விடப்பட்ட பூனைகள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்த செய்தி நாட்டையே உலுக்கியது. 200 வெள்ளி என்பது எவ்வளவு கேவலமான தொகை என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது. 2013 திருத்தத்தில் அபராதம் 50,000 வெள்ளிக்கு உயர்ந்தது. பிறகு 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், அதாவது சட்டம் 772, 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2018-இல் கோம்பாக்கில் சுயசேவைச் சலவைக் கடை ஒன்றில் சினைப்பூனையைத் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் போட்டுக் கொன்றவர்கள் இந்தச் சட்டத்தின்கீழ்தான் சிறைக்குப் போனார்கள்.

நம்மைப் போன்ற வளர்ப்பாளர்கள் கொடுமைப் பிரிவைப் பார்த்துவிட்டு, "நாம் என்ன பூனையை அடிக்கிறோமா?" என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். நமக்கான பகுதி 24-ஆம் பிரிவு. வைத்திருப்பவரின் கடமையைச் சொல்வது அது: விலங்குக்குத் தகுந்த இடம், தகுந்த உணவு, அதன் இயல்புப்படி நடந்துகொள்ள வாய்ப்பு, மற்ற விலங்குகளோடு சேர்த்தோ பிரித்தோ வைக்க வேண்டிய தேவை, வலி, காயம், நோயிலிருந்து பாதுகாப்பு. தாமான் வீட்டில் கேட்டரி, அதாவது பூனைகளை வைத்து வளர்க்கும் இடம், பெரும்பாலும் எங்கே இருக்கிறது? பின்பக்கம் நீட்டிய அடுப்படியில், தகரக் கூரைக்குக் கீழே. பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தக் கூரைக்குக் கீழே நின்று பாருங்கள். பெர்சியனுக்கு மூக்குத் துவாரம் சிறியது, மூச்சு விடுவதே அதற்கு வேலை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பூனை உண்மையிலேயே திண்டாடுகிறது என்று பொருள். கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்பு, எதிரெதிர்ச் சுவரில் காற்றுப்போக்கி, பெட்டைகளையும் கடுவனையும் பிரித்து வைக்கக் கதவு, ஏறி உட்காரப் பலகை என்று நீங்கள் செய்வதெல்லாம் அந்த 24-ஆம் பிரிவுக்கு நீங்கள் கொடுக்கும் பதில்தான். மேலும், இனவிருத்தி செய்து விற்பதைத் தொழிலாக நடத்துகிறவருக்குக் கால்நடை சேவை இலாகாவின் உரிமம் வேண்டும். உங்கள் எண்ணிக்கையும் விற்பனையும் எந்த வகையில் சேரும் என்பதை மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். உரிமம் இல்லாமல் விற்றுக்கொண்டே "சட்டம் அநியாயம்" என்று மேடையேறினால் முதல் கேள்வியிலேயே வாயடைத்துப் போக வேண்டியதுதான்.

அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே 1906-இல் தொடங்கிய கேட் ஃபான்சியர்ஸ் அசோசியேஷன், சி.எஃப்.ஏ. என்பார்கள், சட்டங்களைக் கவனிப்பதற்கென்றே தனிக் குழு வைத்திருக்கிறது. மாநில மன்றங்களிலும் நகர மன்றங்களிலும் எந்த மசோதா வருகிறது என்று அவர்கள் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறார்கள். வந்ததும் அந்தப் பகுதி மன்றங்களுக்குத் தகவல் போகும். உள்ளூர் வளர்ப்பாளரே போய்ப் பேசுவார். தலைமையகத்திலிருந்து ஆள் வருவதைவிட ஊர்க்காரர் சொல்லுக்கு அங்கே மதிப்பு அதிகம்.

அவர்கள் எதை எதிர்க்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. வீட்டுக்கு இத்தனை என்ற உச்சவரம்பு, எல்லாப் பூனைக்கும் கட்டாயக் கருத்தடை, இவை இரண்டும்தான் பெரும்பாலும். 2007-இல் கலிஃபோர்னியாவில் ஏ.பி. 1634 என்ற மசோதா வந்தது. நாய், பூனைகளுக்கு இளம் வயதிலேயே கட்டாயக் கருத்தடை, விலக்கு வேண்டுமானால் அனுமதிச் சீட்டு என்றது அது. நாய்ச் சங்கங்களும் பூனைச் சங்கங்களும் சேர்ந்து எதிர்த்தன. 2008-இல் மசோதா விழுந்தது. பூனைக்காரர்களின் வாதத்தில் எனக்குப் பிடித்த பகுதி இது: வீட்டுப் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்கெனவே கருத்தடை ஆகிவிட்டது, காப்பகத்தை நிரப்புவது யாருக்கும் சொந்தமில்லாத தெருப்பூனைகளின் குட்டிகள், உரிமையாளரை விரட்டும் சட்டம், உரிமையாளரே இல்லாத பூனையை என்ன செய்யும்? அதனால் மலிவுக் கட்டணத்தில் கருத்தடை வசதி செய்யுங்கள், தெருப்பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் தொண்டர்களுக்குக் கை கொடுங்கள் என்றார்கள். வேண்டாம் என்பதோடு நிற்காமல் வேறு வழியையும் மேசைமேல் வைத்தார்கள். அந்தச் சங்கம் பதிவுப் பூனைக்கான சங்கமாக இருந்தும் தெருப்பூனைக் கருத்தடையை ஆதரிக்கிறது என்பதை நம் வளர்ப்பாளர்கள் அறிந்துகொள்வது நல்லது.

எல்லாவற்றிலும் அவர்கள் ஜெயிக்கவில்லை. 2013-இல் அமெரிக்க வேளாண் துறை, வாங்குபவர் நேரில் பார்க்காமல் இணையத்தில் விற்பவருக்கு உரிமம் கட்டாயம் என்றது. இனவிருத்திக்கான பெட்டைகள் நான்கு அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் விலக்கு. அந்த நான்கில் நாயும் பூனையும் சேர்த்து எண்ணப்படும். சங்கங்கள் முறையிட்டன, விதி வந்தது. வந்த பிறகு பலர் வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள்: வாங்குபவரை வீட்டுக்கு வரவழைத்து, குட்டியைக் காட்டி, நேரில் கொடுத்தார்கள். பூனைக்கும் அது நல்லதுதான். பேருந்தில் கூடை வைத்து ஈப்போவிலிருந்து ஜொகூருக்குக் குட்டி அனுப்பும் பழக்கம் நம்மிடையே இருக்கிறதே, அதை யாரும் சட்டம் போட்டு நிறுத்துவதற்கு முன்னால் நாமே நிறுத்திவிட வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது வளர்ப்பாளர்கள் தங்களுக்குள்ளேயே பிளவுபட்டு நிற்கும் விஷயத்துக்கு வருகிறேன்: ஸ்காட்டிஷ் ஃபோல்டு. மடிந்த காதோடு ஆந்தை முகம்போல் இருக்கும். முகநூலில் போட்டால் அரை நாளில் விலைபோகும். 1961-இல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் பிறந்த சூசி என்ற வெள்ளைப் பூனையிலிருந்து வந்த இனம் அது. காதை மடிக்கும் அதே மரபணுக் கோளாறுதான் உடம்பெங்கும் குருத்தெலும்பைக் கெடுக்கிறது. டி.ஆர்.பி.வி.4 என்ற அந்த மரபணு 2016-இல் அடையாளம் காணப்பட்டது. ஒரு பிரதி இருந்தாலே போதும், மூட்டு பாதிக்கப்படும். கூடுதல் குறைவு உண்டே தவிர, காது மடிந்த எதுவும் முழுமையாகத் தப்புவதில்லை. கையில் வைத்துப் பார்த்தால் தெரியும்: வால் அடியிலிருந்து நுனிவரை மெல்லத் தடவினால் நல்ல பூனையின் வால் கயிறுபோல் வளையும், பாதிக்கப்பட்டதன் வால் அடிப்பகுதியில் கட்டையாக நிற்கும். வளைத்துப் பார்க்கவே கூடாது, அதற்கு வலிக்கும். பின்னங்கால் விரல்கள் குட்டையாகத் தடித்திருக்கும். குதிக்க வேண்டிய வயதில் நாற்காலியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகும் "சமத்துப் பூனை, அமைதியான இனம்" என்று விளம்பரம் போட எப்படி மனம் வருகிறதோ தெரியவில்லை.

பிரிட்டனின் பூனைச் சங்கம் 1970-களிலேயே இந்த இனத்தைப் பதிவதை நிறுத்திவிட்டது. ஐரோப்பாவின் எஃப்.ஐ.எஃப்.இ. கூட்டமைப்பும் ஏற்பதில்லை. சி.எஃப்.ஏ. ஏற்கிறது. நெதர்லாந்து 2014 முதல் இனவிருத்தியைத் தடைசெய்து, 2026 ஜனவரி 1 முதல், அதற்குப் பிறகு பிறக்கும் காது மடிந்த பூனைகளையும் முடியில்லாத ஸ்ஃபிங்ஸையும் வைத்திருப்பதையே தடைசெய்திருக்கிறது. இங்கேதான் வளர்ப்பாளர் இயக்கத்தின் நாணயம் சோதிக்கப்படுகிறது. "இன்று ஃபோல்டு, நாளை பெர்சியன், அடுத்த நாள் எல்லாமே" என்று பயந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காக்கப் போனவர்களால் பெர்சியனையும் காக்க முடியவில்லை; அதன் தட்டை முகமும் இன்று ஐரோப்பாவில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. இதற்கு நேர்மாறான உதாரணமும் பெர்சியனிலேயே உண்டு. சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பி.கே.டி. நோய் ஒரு காலத்தில் பெர்சியன்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தது. 2004-இல் மரபணு கண்டறியப்பட்டுச் சோதனை வந்ததும், பொறுப்பான வளர்ப்பாளர்கள் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே சோதித்து, பாதிக்கப்பட்டவற்றை இனவிருத்தியிலிருந்து விலக்கினார்கள். அதிகாரி முன்னால் உட்கார்ந்து "எங்களை நாங்களே கட்டுப்படுத்திக்கொள்கிறோம்" என்று சொல்ல இந்த ஒரு செய்தி நூறு கையெழுத்துக்குச் சமம். தம்பி, உங்கள் பூனைகளின் பி.கே.டி. சோதனைத்தாள் கையில் இருக்கிறதா?

ஸ்ஃபிங்ஸ் பற்றி நான் நீட்டவில்லை. நம் வெயிலுக்கு அது ஏற்றதே இல்லை.

பக்கத்து சிங்கப்பூரைப் பாருங்கள், நமக்கு அது அருமையான பாடம். அங்கே வீடமைப்பு வாரிய அடுக்குமாடிகளில் 1989 முதல் பூனை வளர்ப்பதற்குத் தடை. மக்கள் ஒளித்து வளர்த்தார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் தடை நீங்கியது: ஒரு வீட்டில் இரண்டு பூனை வரை வைக்கலாம், உரிமமும், தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பும் கட்டாயம். இதற்காகப் பல ஆண்டு பேசியவர்கள் தெருப்பூனை நலத் தொண்டர்கள். எண்ணிக்கை வரம்பு வந்துவிட்டதே என்று ஒரு வளர்ப்பாளர் வருந்தலாம். ஆனால் பூனைக்கு அடையாள எண் கிடைத்ததால், தூக்கியெறிந்தவர் யார் என்று கேட்க வழி பிறந்தது. இங்கிலாந்திலும் 2024 ஜூன் 10 முதல் 20 வாரத்துக்குள் மைக்ரோசிப் கட்டாயம். நம் நாட்டில் இப்படி ஒரு திட்டம் எப்போது பேச்சுக்கு வந்தாலும் பதிவுப் பூனை வளர்ப்பவர்கள் முதல் வரிசையில் நின்று ஆதரிக்க வேண்டும். குட்டி கைமாறும் முன்பே சிப் போட்டு, தடுப்பூசி அட்டையில் எண்ணை ஒட்டிக் கொடுப்பவருக்கு அந்தச் சட்டத்தால் ஒரு குறையும் வராது.

"வாங்காதே, தத்தெடு" என்பவர்களோடு சண்டை வேண்டாம். நம் ஊரில் அவர்கள் யார் என்று யோசியுங்கள். தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, சனங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போன பிறகு, பின்னால் விடப்பட்ட பூனைகளுக்குச் செம்பனைக் காட்டோரம் போய்ச் சோறு வைக்கிறார்களே அக்காமார்கள், அவர்கள்தான். உங்கள் மேல் அவர்களுக்குள்ள கோபத்துக்குக் காரணம் இருக்கிறது: சந்தைக்குப் பின்னால் சிக்குப் பிடித்த முடியோடு கிடக்கும் பெர்சியன் கலப்பை அவர்கள்தான் எடுத்து, முடி மழித்து, மருந்து போடுகிறார்கள். அது யாரோ ஒரு வளர்ப்பாளர் வீட்டில் பிறந்தது. எனவே மூன்று காரியம் செய்யுங்கள். செல்லப்பிராணியாகப் போகும் குட்டியைக் கருத்தடை செய்தோ, செய்வதாக எழுதி வாங்கிக்கொண்டோ கொடுங்கள். வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் நானே திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஈன்று ஓய்ந்த தாய்ப்பூனையைக் கருத்தடை செய்து நல்ல வீட்டில் சேருங்கள். பிறகு அந்த அக்காமாருக்குக் கூண்டு ஏற்றவும், மருத்துவரிடம் கொண்டுபோகவும் உங்கள் வண்டியைக் கொடுங்கள். நகராண்மைக் கழகத்தில் நீங்களும் அவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே கோரிக்கையைச் சொன்னால், அதை மறுப்பது எந்த அதிகாரிக்கும் கஷ்டம்.

தோட்டப்புறம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். செம்பனைக்குள் எலி தின்று வாழும் காட்டுப்பூனை, மலாயில் கூச்சிங் பத்து, அதன் குட்டியைத் தொழிலாளிகள் சில சமயம் எடுத்து வருவார்கள். பெங்கால் என்ற பூனை இனத்தின் மூதாதை அந்த வகைதான் என்று கேள்விப்பட்டு, "வீட்டுப்பூனையோடு சேர்த்தால் பெங்கால் வருமா?" என்று சிலர் கேட்கிறார்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது முழுப் பாதுகாப்புள்ள உயிர். தொடாதீர்கள். குட்டி கிடைத்தால் வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானுக்குத் தகவல் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் கையில் இருக்கும் வேலை. தனி ஆளாகப் பேசுவதைவிட அமைப்பாகப் பேசுவது மேல்; 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதியலாம். ஈப்போ, கோலகங்சார், சுங்கை சிப்புட் மூன்றிலும் பூனை வளர்ப்பவர்கள் மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று கலந்துதான் இருக்கிறார்கள், ஆகவே சங்கமும் கலந்தே இருக்கட்டும். கூட்டரசு அளவில் விதிகள் வரும்போது மலேசிய உற்பத்தித்திறன் கழகத்தின் பொதுக் கருத்தறியும் இணையத்தளத்தில் வரைவுகள் வெளியாவதுண்டு. அதைப் பார்த்துவரும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். விலங்கு நலச் சட்டத்தின்கீழ் ஒரு வாரியமும் இருக்கிறது. சங்கத்தின் பேரில் அதற்கு எழுதலாம்.

நகராண்மைக் கழகத்துக்கு எழுதும் கடிதம் மலாயில் இருக்கட்டும், இரண்டு பக்கத்துக்கு மிஞ்ச வேண்டாம். எண்ணிக்கை வரம்பு வேண்டாம் என்று மட்டும் எழுதினால் அது குப்பைக்குப் போகும். மூன்று பூனையை நாற வைக்கிறவரும் உண்டு, பத்துப் பூனையைச் சுத்தமாக வைத்திருப்பவரும் உண்டு. எனவே எண்ணிக்கைக்குப் பதிலாக இடத்தின் அளவு, காற்றோட்டம், மணல் மாற்றும் முறை, கழிவை அப்புறப்படுத்தும் விதம், இனவிருத்தியில் இல்லாதவற்றுக்குக் கருத்தடை, சிப், ஆண்டுக்கொரு பரிசோதனை ஆகியவற்றை அளவுகோலாக வைக்கும்படி கேளுங்கள். எந்த நாளும் வந்து பார்க்கலாம் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பூனைக்கும் பிறந்த நாள், தாய் தகப்பன், சிப் எண், தடுப்பூசி, ஈற்று, குட்டி போன வீடு எல்லாம் எழுதிய ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வீட்டில் தயாராக இருக்க வேண்டும். பரிசோதனைக்கு வருகிற அதிகாரி முதலில் தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்ப்பார், பிறகு மணல் தட்டை, அதற்கப்புறம் இந்த நோட்டைத்தான் கேட்பார். நான் பார்த்தவரை, நோட்டை நாலு பக்கம் புரட்டியதும் அவர் குரல் இறங்கிவிடும்.

இணைப்பாக இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களின் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள். கழகத்துக்குப் புகார் போவது பெரும்பாலும் அந்த இரண்டு வீடுகளிலிருந்துதான். வாடை வருகிறது என்று அவர்கள் சொன்னால், கடிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் வடிகாலைச் சரிசெய்யுங்கள்.